பவுடர் என்ற ஒற்றைச் சொல்

(தொண்டாமுத்தூர் வட்டார ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உடற்கல்வி ஆசிரியரை மேடைக்கு அழைத்துப் பேசச் சொல்வது அபூர்வம். மைக் வேலை செய்கிறதா என்று பார்ப்பதும், காலை வழிபாட்டில் வரிசையை நேராக்குவதும்தான் வழக்கமாக எங்கள் பொறுப்பு. ஜனவரி பிறந்துவிட்டால் எங்கள் பாடவேளைகள் கணக்கு ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்துவிடும். அதைப் பற்றிப் புகார் சொல்ல நான் வரவில்லை. ‘வளரிளம் பருவத்தினர் நலம்’ என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். அது பெரிய தலைப்பு. நான் ஒரு பையனைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அவன் பெயர் வேண்டாம். நடந்ததில் என் தவறும் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிளஸ் ஒன் மாணவன். அப்பா இந்தப் பக்கத்துத் தோப்புகளில் தேங்காய் உரிக்கப் போகிறவர். அம்மாவுக்குப் பாக்குக் களத்தில் வேலை. பையன் கபடியில் நல்ல ரெய்டர். கோட்டைத் தொட்டுத் திரும்புகிற வேகம் கண்ணில் நிற்காது. ஆனால் ஒல்லி. மாவட்டப் போட்டிக்கு அணி எடுத்தபோது அவனைத் தனியாக அழைத்து, “ஒடம்பு பத்தாது கண்ணு. தேத்திட்டு வா, அடுத்த வருசம் பாக்கலாம்” என்றேன். எப்படித் தேற்றுவது என்று நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டுப் போனான்.

சில மாதங்களில் தோள் அகன்றது, கை தடித்தது. “பரவால்லையே, ஏறிடுச்சே!” என்று நானே தட்டிக் கொடுத்தேன். ஆசிரியர் அறையிலும் பேசிக்கொண்டோம். அதன்பிறகு அவன் ஜெர்சி போடுவதை நிறுத்தினான். பள்ளிச் சட்டையோடுதான் மைதானத்துக்கு வருவான். நடக்கும்போது நோட்டுப் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொள்வான். கேட்டால் வயிற்று வலி என்பான். திமிர் என்று நினைத்தேன். ஒருநாள் எல்லோர் முன்னாலும் மைதானத்தை ஐந்து சுற்று ஓட வைத்தேன். ஓடி முடித்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான், என்னைப் பார்க்கவே இல்லை.

அவன் வகுப்புப் பையன் ஒருவன்தான் பிறகு வந்து சொன்னான். “சார், அவனுக்கு நெஞ்சு வீங்கிப் பொண்ணுங்களாட்டம் ஆயிருச்சுங்க சார். பசங்க கிண்டல் பண்றாங்க. அதான் ஜெர்சி போட மாட்டேங்கறானுங்க.”

அதே வாரம் அம்மா வந்தார். “ஏனுங்க சார், பையனுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குதுங்க. கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தேன், கேக்கலீங்க. சோறும் எறங்க மாட்டேங்குது.” நானும் அவர்களோடு கோவைக்கு மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவர் என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டார். “பவுடர் சாப்பிடறானுங்க” என்று அம்மா பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். புரோட்டீன் பவுடர் டப்பா. மருத்துவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை நிறுத்துங்கள் என்று சொல்லி, ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். பிறகு பையனைப் பார்த்து, “வேற ஏதாச்சும் எடுத்துக்கறியாப்பா?” என்றார். அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் எழுந்து வெளியே போனேன். இந்தக் கதை முழுவதிலும் நான் சரியாகச் செய்தது அந்த ஒரு காரியம்தான் என்று நினைக்கிறேன்.

வெளியே வந்த பிறகுதான் அவன் சொல்லியிருக்கிறான். உடற்பயிற்சிக் கூடத்தில் பழக்கமான ஒருவர் தந்த மாத்திரை. பெயர் தெரியாது. ஐந்து மாதமாகத் தினமும். ஜியோமெட்ரி பாக்ஸில் அளவுகோலுக்குக் கீழே வைத்திருந்தான். சனி, ஞாயிறு வாழைத்தார் ஏற்றப் போய் வந்த கூலியெல்லாம் அதற்கே போயிருக்கிறது. மாத்திரையைப் பார்த்த மருத்துவர் அது ஆண்மை ஹார்மோன் வகை என்றார். வீட்டில் கேட்டபோதெல்லாம் அவன் சொன்னது “பவுடர்” என்பதுதான். அவன் முழுப் பொய் சொல்லவில்லை. பவுடரும் சாப்பிட்டான்.

நண்பர்களே, நம் பையன்கள் ‘பவுடர்’ என்று சொல்லும்போது அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று உணவு. ஒன்று ஊக்கி. ஒன்று மருந்துக் கடைச் சரக்கு. மூன்றும் ஒரே அலமாரியில், ஒரே ஆளிடம், ஒரே பேச்சில் கிடைக்கின்றன. நாமும் மூன்றையும் ஒன்றாகவே திட்டுகிறோம். “பவுடர் தின்னா கிட்னி போயிரும்டா” என்கிறோம். பையன் ஒரு மாதம் புரோட்டீன் பவுடர் சாப்பிட்டுப் பார்க்கிறான், கிட்னி போகவில்லை. அன்றோடு நம் சொல்லுக்கு மதிப்புப் போய்விடுகிறது. அடுத்துக் கூடத்துக்காரர் மாத்திரையை நீட்டும்போது, அவர் சொல்வதுதான் அவனுக்கு உண்மையாகப் படுகிறது. அதனால் மூன்றையும் பிரித்துப் பேசலாம்.

முதலில் உணவு. டப்பாவில் இருக்கும் வெள்ளைத் தூள் பெரும்பாலும் வே புரோட்டீன். பால் திரிந்தால் தெளிந்து நிற்கும் தண்ணீர் இருக்கிறதல்லவா, பாலாடைக்கட்டி ஆலைகளில் கிடைக்கும் அந்தத் தண்ணீரிலிருந்து புரதத்தைப் பிரித்து உலர்த்தியது. மந்திரம் எதுவும் இல்லை, விஷமும் இல்லை. ஒரு கரண்டி 30 கிராம் என்றால் அதில் 24 கிராம் அளவுக்குப் புரதம் என்று டப்பாவில் போட்டிருக்கும்.

இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். நம் ஊருக்கும் இதற்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. மருதமலைக்குத் திருப்பணி செய்தவர் என்று நாம் எல்லோரும் அறிந்த சாண்டோ சின்னப்பா தேவர் கோவை ராமநாதபுரத்துக்காரர். படம் எடுக்கப் போவதற்கு முன் தேகப்பயிற்சியில் பேர் வாங்கியவர். அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட ‘சாண்டோ’ யூஜின் சாண்டோ என்ற ஜெர்மன் பலசாலியின் பெயர். அந்த யூஜின் சாண்டோ நூறு ஆண்டுகளுக்கு முன்பே பாலிலிருந்து எடுத்த பிளாஸ்மான் என்ற புரதத் தூளுக்கு விளம்பரத்தில் வந்தவர். பிறகு தன் பெயரிலேயே கோகோ தூளும் விற்றார். கட்டுடலைக் காட்டி டப்பா விற்பது அன்றே தொடங்கிவிட்டது. நம் பக்கத்துத் தேகப்பயிற்சிச் சாலைகளில் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று உடம்பு வளர்த்தவர்கள் அந்தத் தூளைப் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள்.

எவ்வளவு புரதம் வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம். 55 கிலோ பையனுக்கு 46 கிராம். நன்றாகப் பளு தூக்கிப் பயிற்சி செய்கிறவருக்கும் கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் தசைக்குக் கூடுதல் பலன் இல்லை என்று அந்தக் கழகத்தின் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் இருக்கிறது. அதாவது 55 கிலோவுக்கு 88 கிராம்தான் உச்சம். அதே வழிகாட்டி, உடம்பு தேற்றுவதற்காகப் புரதத் தூள்களைச் சாப்பிட வேண்டாம் என்றும், அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் எலும்பின் தாது குறையலாம், சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்றும் சொல்கிறது. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு இருந்து அது தெரியாமல் இருக்கும் பையனுக்கு ஆபத்து இன்னும் அதிகம். மற்றவர்களுக்கு உடனே தெரிவது வயிற்று உப்புசம், வயிற்றுப்போக்கு, முகப்பரு ஆகியவைதான். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வயிறு சீக்கிரமே சொல்லிவிடும்.

இந்தக் கணக்கை நான் பிளஸ் ஒன் வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொண்ட என் பாடவேளையில் ஒன்றை அவரிடமே கடன் கேட்டு வாங்கினேன். ஒரு நாளில் அரிசி 300 கிராம், அதில் 24 கிராம் புரதம். துவரம்பருப்பு 50 கிராம், 11. கொள்ளு 50 கிராம், 11. நிலக்கடலை ஒரு கைப்பிடி, 50 கிராம், அதில் 12. முட்டை இரண்டு, 12. பால் 400 மில்லி, 13. கூட்டினால் 83. பையன்கள் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தார்கள். ஒரு கரண்டித் தூளின் 24 கிராம் என்பது இரண்டு முட்டையும் ஒரு கைப்பிடிக் கடலையும்தான் என்றபோது பின் வரிசையில் ஒருவன், “அப்ப கொள்ளுப் பருப்பே போதுங்களா சார்?” என்றான். கொள்ளு மட்டும் போதாது, எல்லாம் சேர்ந்தால் போதும் என்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் சத்துணவுத் திட்டம் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. வாரம் ஐந்து நாள் முட்டை சாப்பிட்ட பையனுக்குப் பிளஸ் ஒன்னில் அது கிடையாது. உடம்பு தேற்ற வேண்டும் என்ற ஆசை வருவதும் அதே வயதில்தான். நாமக்கல் முட்டை பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் தினம் இரண்டு முட்டை வாங்க எல்லா வீட்டிலும் முடியாது. “டப்பாவை விட்டுட்டு வீட்டுச் சாப்பாடு சாப்பிடு” என்று சொல்லும்போது வீட்டில் என்ன இருக்கிறது என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பையன் காலையில் வெறும் டீ குடித்துவிட்டு வருகிறவன் என்பது எனக்கு மருத்துவமனையில்தான் தெரிந்தது.

டப்பாவில் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. கேரளத்தைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர் சிரியக் ஆபி பிலிப்ஸ் குழுவினர் இந்தியாவில் விற்கும் 36 புரதத் தூள்களை ஆய்வகத்தில் சோதித்து 2024இல் ‘மெடிசின்’ ஆய்விதழில் வெளியிட்டார்கள். சுமார் 70 சதவீதத் தூள்களில் புரத அளவு டப்பாவில் சொன்னபடி இல்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான். 14 சதவீதத்தில் அஃப்லடாக்சின் என்ற பூஞ்சை நச்சு இருந்தது. நம் விவசாயிகளுக்கு இந்தப் பெயர் தெரியும். பூசணம் பிடித்த நிலக்கடலையில் வருவது, கல்லீரலைக் கெடுப்பது. உடம்பை ‘ஏற்றுவதற்கு’ என்று விற்கும் மாஸ் கெயினர் தூள்களிலோ பெரும்பகுதி மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். கிரியேட்டின் என்று இன்னொன்று இருக்கிறது. அது தசையில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். எடை சட்டென்று ஒன்றிரண்டு கிலோ கூடும். பையன் தசை என்று நினைப்பான். வளர்ந்தவர்களிடம் நிறைய ஆராயப்பட்ட பொருள்தான். 18 வயதுக்குக் கீழே வேண்டாம் என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் நிலை.

இரண்டாவது, ஊக்கி. பயிற்சிக்கு முன் குடிக்கும் தூள், ‘பிரீ ஒர்க்கவுட்’ என்பார்கள். இதில் முக்கியமான சரக்கு காஃபின். நம் வீட்டு இன்ஸ்டன்ட் காபி ஒரு கப்பில் 50 முதல் 65 மில்லிகிராம் காஃபின். ஒரு நாளைக்கு மொத்தம் 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது அதே வழிகாட்டி. இந்தத் தூள்களில் சிலவற்றில் ஒரே கரண்டியில் 200, 300 மில்லிகிராம் இருக்கும். பையன்கள் அதைத் தண்ணீரில் கலக்காமல் அப்படியே வாயில் போட்டுக்கொள்கிறார்கள்; காணொளியில் பார்த்தது. படபடப்பு, கை நடுக்கம், இரவில் தூக்கமின்மை, மறுநாள் முதல் பாடவேளையில் தூக்கம். முதல் பெஞ்சில் தூங்குகிற பையனை எழுப்பித் தண்ணீர் குடிக்கச் சொல்கிறோமே, அவனிடம் இரவு எத்தனை மணிக்குப் பயிற்சிக்குப் போகிறாய் என்றும் கேட்கலாம்.

காஃபினோடு வேறு ஊக்கிகளையும் கலந்து விற்ற காலம் உண்டு. டி.எம்.ஏ.ஏ. என்ற பொருள் கலந்த பானத்தைக் குடித்து ஓடிய 30 வயதுப் பெண் ஒருவர் 2012 லண்டன் மாரத்தானில் முடிவுக் கோட்டுக்குச் சற்று முன் விழுந்து இறந்தார். மறு ஆண்டு அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் ஆக்ஸிஎலைட் புரோ என்ற சத்துப் பொருளைச் சாப்பிட்ட பலருக்கு ஒரே சமயத்தில் கல்லீரல் அழற்சி வந்தது. சிலருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை வரை போயிற்று, இறப்பும் நேர்ந்தது. அதில் புதிதாகச் சேர்த்திருந்த பொருள் ஏஜிலின். அது எந்த மரத்தில் இருப்பது தெரியுமா? நம் சிவன் கோயில் வில்வ மரத்தில். அதே வேதிப்பொருளை ஆலையில் செயற்கையாகத் தயாரித்துச் சேர்த்திருந்தார்கள். வில்வத்தின் மேல் குற்றமில்லை. ‘மூலிகைதான், ஒன்றும் செய்யாது’ என்று யாராவது சொல்லும்போது நான் இதைத்தான் சொல்கிறேன்.

மூன்றாவதுதான் அந்த ஜியோமெட்ரி பாக்ஸ். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனும் அதைப்போலச் செயற்கையாகச் செய்யப்பட்டவையும் அனபாலிக் ஸ்டீராய்டுகள் எனப்படும். உயிரியல் ஆசிரியர்கள் இதை என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். தசை வளரும், அதில் சந்தேகமில்லை. வளராவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். சிக்கல் மற்ற இடங்களில் வரும். வெளியிலிருந்து ஹார்மோன் வருவதால் உடல் தன் உற்பத்தியை நிறுத்திவிடும், விதைகள் சுருங்கும். மிகுதியான ஹார்மோனில் ஒரு பகுதி பெண் ஹார்மோனாக மாறும். மார்பில் சுரப்பி வீங்கும். வாய்வழிச் சாப்பிடும் மாத்திரைகள் கல்லீரலில் சீக்கிரம் சிதைந்துவிடக் கூடாது என்று அவற்றின் வேதி அமைப்பில் ஒரு மாற்றம் செய்திருப்பார்கள். அந்த மாற்றமே கல்லீரலுக்குச் சுமை. மஞ்சள் காமாலை வந்தது அதனால்தான். முதுகிலும் தோளிலும் கொத்துக் கொத்தாகப் பரு, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, திடீர்க் கோபம், நிறுத்தியதும் மனச்சோர்வு.

பள்ளிப் பையனுக்கு இன்னொன்றும் உண்டு. எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டுகள் திறந்திருக்கும் வயது அது. இந்த ஹார்மோன்கள் அவற்றைச் சீக்கிரம் மூடச் செய்துவிடும். உடம்பு வேண்டும் என்று சாப்பிட்டவனுக்கு உயரம் நின்றுபோகும். அதைத் திருப்பித் தர எந்த மருந்தாலும் முடியாது.

ஊசி என்றால் கூட்டாளிகள் ஒரே ஊசியைப் பகிர்ந்துகொள்ளும் ஆபத்து வேறு: கல்லீரல் அழற்சி பி, சி, எச்.ஐ.வி. மெஃபென்டெர்மின் என்ற ஊசி மருந்தையும் நாட்டின் பல இடங்களில் உடற்பயிற்சிக் கூடங்களுக்கு வருகிறவர்கள் தவறாகப் பயன்படுத்துவது செய்தியாகியிருக்கிறது. அறுவை சிகிச்சையின்போது இறங்கிப்போகும் ரத்த அழுத்தத்தை ஏற்ற மயக்க மருத்துவர்கள் போடும் மருந்து அது. தசைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. களைப்புத் தெரியாது, அவ்வளவுதான். இதயத்தைப் பாதிக்கும், பழக்கத்தில் தள்ளும். இவையெல்லாம் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை.

ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். பருவ வயதில் பல பையன்களுக்கு இயல்பாகவே மார்பு சற்று வீங்கி, ஒன்றிரண்டு ஆண்டுகளில் தானே மறையும். ஆகவே நெஞ்சை மறைக்கிற ஒவ்வொரு பையனும் மாத்திரை சாப்பிடுகிறான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எப்படி இருந்தாலும் அவனை ஐந்து சுற்று ஓட வைக்காதீர்கள்.

விளையாட்டுப் பக்கம் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இது என் துறை. 2019 ஏப்ரலில் தோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் திருச்சி மாவட்டம் முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து தங்கம் வென்றார். எளிய குடும்பம். அவர் படத்தை வெட்டி எங்கள் விளையாட்டு அறைப் பலகையில் ஒட்டினேன். அடுத்த ஆண்டு, அவர் உடலில் நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு இருந்ததாகச் சோதனை முடிவு வந்து நான்கு ஆண்டுத் தடை விதித்தார்கள், பதக்கமும் போயிற்று. தெரிந்து எதையும் சாப்பிடவில்லை என்பதே அவர் பேச்சு. அந்தப் படத்தை எடுப்பதா வைப்பதா என்று பல நாள் தவித்தேன். கடைசியில் எடுத்தேன். ஏன் எடுத்தீர்கள் என்று கேட்ட பிள்ளைகளுக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அன்று உட்காரவைத்துப் பேசியிருக்கலாம்.

2010 தில்லி காமன்வெல்த் போட்டியில் 4×400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற நால்வரில் மூவர் மறு ஆண்டு ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். பயிற்சியாளர் சீனாவிலிருந்து வாங்கி வந்த ஜின்செங் சத்துப் பொருளில்தான் அது கலந்திருந்தது என்று அவர்கள் வாதிட்டார்கள். அப்படியும் இரண்டு ஆண்டுத் தடை. பயிற்சியாளரின் வேலையும் போனது. யார் கொடுத்திருந்தாலும் உடலுக்குள் இருப்பதற்குப் பொறுப்பு விளையாட்டு வீரர்தான் என்பதே ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டத்தின் அடிப்படை. 2023இல் இந்தியாவில் எடுத்த 5,600க்கும் மேற்பட்ட மாதிரிகளில் 3.8 சதவீதத்தில் தடை செய்த பொருள் இருந்தது; நிறைய சோதனை செய்யும் நாடுகளில் அதுதான் உச்சம். ‘சார் குடுத்தாரு, சாப்பிட்டேன்’ என்று ஒரு பிள்ளை சொல்லும் நிலைக்கு நம்மில் யாரும் ஆளாகக் கூடாது. குளுக்கோஸ் பாக்கெட்டைத் தவிர வேறு எதையும் நான் மைதானத்தில் கையால் கொடுப்பதில்லை.

நாம் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பையைச் சோதிக்கக் கிளம்பாதீர்கள். ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து அது சாக்ஸுக்குள் போகும். நான் இப்போது கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: “எந்தப் பவுடர் கண்ணு? டப்பாவக் கொண்டு வா, சேர்ந்து படிக்கலாம்.” திட்டு இருக்காது என்று தெரிந்தால் கொண்டு வருகிறார்கள். இந்த ஆண்டு நான்கு டப்பாக்கள் வந்தன. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா, ஒரு கரண்டியில் எவ்வளவு புரதம், எவ்வளவு சர்க்கரை, காஃபின் உண்டா என்று அவர்களே படித்துக் குறித்தார்கள். ஒரு டப்பாவில் உரிம எண்ணே இல்லை. இன்னொன்றை வாங்கியவனே சர்க்கரை அளவைப் பார்த்துச் சிரித்துவிட்டான். பெயரில்லாத மாத்திரை, ஊசி என்று தெரிய வந்தால் அன்றைக்கே பெற்றோரையும் மருத்துவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். திடீரென்று பையனாக நிறுத்துவதும் மருத்துவர் பார்வையில்தான் நடக்க வேண்டும். எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் 104 எண்ணில் பேசலாம்.

இன்னொன்று நம் வாயைப் பற்றியது. நோஞ்சான், ஒட்டடைக்குச்சி, குண்டு என்று ஆசிரியர் அறையிலிருந்தே பட்டப்பெயர்கள் புறப்படுகின்றன. நானும் வைத்திருக்கிறேன். “தேத்திட்டு வா” என்ற என் இரண்டு சொல் அவன் காதில் எவ்வளவு நாள் ஒலித்தது என்று அவன் பிறகு சொன்னான். இப்போது அணியில் எடுக்க முடியாத பையனிடம் உடம்பைச் சொல்வதில்லை. எந்தப் பயிற்சி, வாரம் எத்தனை நாள், காலையில் என்ன சாப்பிட்டான் என்று எழுதிக் கொடுத்து, மாதம் ஒருமுறை நானே பார்க்கிறேன். முன்னாள் மாணவர்கள் சிலர் கொடுக்கும் தொகையில் பிளஸ் ஒன், பிளஸ் டூ விளையாட்டுப் பிள்ளைகளுக்கு மாலையில் அவித்த கொண்டைக்கடலையும் முட்டையும் தருகிறோம். எல்லோருக்கும் போதவில்லை.

அந்தப் பையனுக்குச் சில மாதங்களில் மஞ்சள் இறங்கி, கல்லீரல் பரிசோதனை சரியாகிவிட்டது. மார்பில் வீக்கம் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டுத் தேவையானால் சின்ன அறுவை சிகிச்சை செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். உயரம் இனி எவ்வளவு கூடும் என்று மருத்துவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மாத்திரையை நிறுத்தியதில் நான்கு கிலோ இறங்கிப் பழைய ஒல்லிக்கே திரும்பிவிட்டான்.

ஜூலையில் பிளஸ் டூ அணி எடுத்தபோது ஓரமாக வந்து நின்றான். “சார், இப்ப ஒடம்பு பத்துங்களா?” என்றான். ரெய்டு போகச் சொன்னேன். கோட்டைத் தொட்டு வந்தான். எடுத்துக்கொண்டேன். “பனியனுக்கு மேல ஜெர்சி போட்டுக்கறேனுங்க சார்” என்றான். சரி என்றேன். வெயிலில் அது கஷ்டம்தான். போட்டி முடியும் வரை அப்படியேதான் விளையாடினான்.